நீர்மூழ்கிக்கு ஒரு நியாயம், நாட்டுப்படகுக்கு ஒரு நியாயமா?

கடலுக்கு அடியில் ஒரு கருவி. ஆகாயத்தில் ஒரு ட்ரோன். நடுவில் வயர் கிடையாது. கீழேயிருந்து நீலமாகவோ பச்சையாகவோ ஒரு வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கும். மேலே நிற்கும் ட்ரோன் அந்த மினுக்கலைப் படித்து, செய்தியைக் கரைக்கு அனுப்பிவிடும். டி.வி. ரிமோட் செய்கிற வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

கதை இல்லை. சவுதி அரேபியாவின் கிங் அப்துல்லா பல்கலைக்கழகத்தில் 2020-ல் தண்ணீருக்குள் விளக்கை வைத்து, மேலே ட்ரோனைப் பறக்கவிட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். எட்டிய தூரம் சில மீட்டர்கள்தான். ரைட் சகோதரர்கள் முதலில் பறந்ததும் சில பத்து மீட்டர்கள்தானே? வளரும்.

'நல்ல விஷயம்தானே சார், இதிலும் சண்டைக்கு வர்றீங்களே' என்பீர்கள். வெளிச்சத்தோடு எனக்கு என்ன சண்டை? என் சண்டையெல்லாம் ஒரே கேள்வியில் இருக்கிறது. கடலோடு பேசுவதற்காக இந்த நாடு இதுவரை செய்த செலவெல்லாம் யாரோடு பேசுவதற்காக? இனி செய்யப்போகிற செலவு யாரோடு பேச?

*

முதலில் விஷயம் புரியட்டும்.

ரேடியோ அலைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. உங்கள் செல்போன் சிக்னல் கடல் நீருக்குள் இறங்கினால் சில சென்டிமீட்டருக்குள் செத்துப்போகும். ஒலிக்குத் தண்ணீர் ரொம்பப் பிடிக்கும். வினாடிக்கு 1,500 மீட்டர், அதாவது காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் அதிகமான வேகம். பல கிலோமீட்டர் போகும். திமிங்கிலங்கள் பேசிக்கொள்வது அப்படித்தான். ஆனால், அந்த ஒலி தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்ததும் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பக் கீழேயே போய்விடும். கீழே இருப்பது மேலே வராது, மேலே இருப்பது கீழே போகாது. தண்ணீரும் காற்றும் சந்திக்கிற அந்த ஒரு கோட்டில்தான் எல்லாச் செய்தியும் செத்துப்போகிறது.

அந்தக் கோட்டைத் தாண்ட 2018-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். தண்ணீருக்குள் ஸ்பீக்கரை வைத்து ஒலி எழுப்பினார்கள். ஒலி மேற்பரப்பில் மோதும்போது தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத அளவு நடுங்கும் இல்லையா? அந்த நடுக்கத்தை மேலேயிருந்து ராடாரால் படித்தார்கள். பிரமாதம்தான். ஆனால் கீழேயிருந்து மேலே மட்டும்தான் செய்தி வரும். மேலேயிருந்து பதில் போகாது.

வெளிச்சம் இரண்டு பக்கமும் போகும். அதனால்தான் அதன்மேல் இத்தனை ஆசை. சிவப்பு வெளிச்சத்தைக் கடல் சில மீட்டரிலேயே குடித்துவிடும். நீலமும் பச்சையும் தப்பித்து இன்னும் ஆழம் போகும். தெளிந்த கடலில் நல்ல லேசர் நூறு மீட்டர்கூட எட்டும். கலங்கிய தண்ணீர் என்றால் கதை முடிந்தது. மேட்டூர் அணையில் பாசி படர்ந்து தண்ணீரே பச்சையாக நிற்கும் மாதங்களில் கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள், விரல் தெரியாது. கண்ணுக்கு விரல் தெரியாத இடத்தில் லேசருக்கு மட்டும் என்ன தெரியும்? போதாக்குறைக்கு அலை. ஒவ்வொரு அலையும் ஒரு லென்ஸ். வெளிச்சத்தை இஷ்டத்துக்கு வளைத்துவிடும். ட்ரோன் ஒரு பக்கம் நிற்கும், கதிர் இன்னொரு பக்கம் போகும்.

ஆக, இது கொஞ்சதூரத்துத் தொழில்நுட்பம். சில பத்து மீட்டர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

*

கடலுக்குள் இருப்பவரோடு பேசியே ஆகவேண்டும் என்று முதலில் தவித்தது விஞ்ஞானி இல்லை, ராணுவம். நீர்மூழ்கிக் கப்பல் மேலே வந்தால் எதிரிக்குத் தெரிந்துவிடும், கீழேயே இருந்தால் உத்தரவு போய்ச் சேராது. என்ன செய்வது?

அமெரிக்கா விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் பல மைல் நீளத்துக்குக் கம்பி இழுத்து, மிக மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் செய்தி அனுப்பியது. மூன்று எழுத்து போய்ச்சேர ஏறக்குறைய பதினைந்து நிமிடம்! 2004-ல் கடையை மூடிவிட்டார்கள். 1980-களிலேயே விமானத்திலிருந்து நீலப்பச்சை லேசரைக் கடலுக்குள் பாய்ச்சி நீர்மூழ்கியோடு பேச முடியுமா என்றும் சோதித்தார்கள். இன்றைய ட்ரோன் ஆராய்ச்சிக்குப் பெரியப்பா அதுதான்.

நம்மிடமும் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 'ஐ.என்.எஸ். கட்டபொம்மன்'. 1990-லிருந்து இயங்குகிறது. அங்கே நிற்கும் கோபுரங்களின் உயரம் நானூறு மீட்டருக்கும் மேல். ஈஃபில் கோபுரம் 330 மீட்டர்தான். அந்தக் கோபுரங்களிலிருந்து கிளம்பும் தாழ்ந்த அதிர்வெண் அலை, கடலுக்குள் பத்து இருபது மீட்டர் ஆழம் வரை இறங்கி, அங்கே பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியின் காதில் விழும். எவ்வளவு தூரத்துக் கடலாக இருந்தாலும் சரி.

வீரபாண்டிய கட்டபொம்மன் பெயரை வைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். நாட்டுக்கு நீர்மூழ்கி வேண்டும், அதற்கு உத்தரவு போகவேண்டும். மறுக்கவில்லை.

இப்போது பக்கத்து மாவட்டத்துக்கு வாருங்கள்.

*

2017 நவம்பர் 29. தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம். மறுநாள், 30-ம் தேதி அது 'ஒக்கி' புயல். கன்னியாகுமரியை உரசிக்கொண்டு அரபிக் கடலுக்குள் போனது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? நடுக்கடலில். ஒருநாள் போய் மறுநாள் திரும்புகிறவர்கள் இல்லை அவர்கள். சுறாவும் சூரையும் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், வாரக்கணக்கில் தங்குகிறவர்கள். புயல் என்ற சொல்லே பிறப்பதற்கு முன்னால் கரையை விட்டுக் கிளம்பியவர்கள்.

எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. கொடுத்தார்கள்தான். எங்கே? டி.வி.யில் கொடுத்தார்கள். துறைமுகத்தில் கொடுத்தார்கள். கலெக்டர் ஆபீஸுக்கு ஃபேக்ஸில் கொடுத்தார்கள். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் செத்துவிடும். படகுக்குப் படகு பேசும் வயர்லெஸ் செட் இருந்தாலும் அதற்கும் எல்லை உண்டு. நடுக்கடலில் இருந்தவனுக்கு அந்தப் புயலைப் பற்றிச் சொன்னது அந்தப் புயல் மட்டும்தான்.

தமிழகம், கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. பிழைத்தவர்களில் பலர் லட்சத்தீவு, மகாராஷ்டிரா, குஜராத் என்று எங்கெங்கோ கரை ஒதுங்கினார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு ஆள் இருக்கிறானா, இல்லையா என்றே நாள்கணக்கில் தெரியவில்லை. அடுத்த வாரம் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே அந்தப் பெண்கள்... அவர்கள் முதலில் கேட்டது நஷ்டஈடு இல்லை. 'தேடுங்கள்' என்றார்கள்.

பக்கத்து மாவட்டத்துக் கோபுரத்திலிருந்து, கடலுக்கு அடியில் ஒளிந்திருக்கிற கப்பலோடு பேச முடிகிற நாடு இது. கடலுக்கு மேலே, பட்டப்பகலில், வெட்டவெளியில் நின்ற படகோடு பேச முடியவில்லை. இதற்குத் தொழில்நுட்பக் குறைபாடு என்று பெயர் வைத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

'மீனவர்கள் எச்சரிக்கையை எங்கே சார் மதிக்கிறார்கள்?' என்று ஒரு பதில் தயாராக இருக்கும். ஏ.சி. அறையில் உட்கார்ந்து சொல்வதற்கு ரொம்ப வசதியான வாக்கியம் இது. மதிக்காதவர்கள் இருக்கலாம். ஆனால், காதில் விழாத எச்சரிக்கையை மதிப்பது எப்படி என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் நானும் தெரிந்துகொள்வேன்.

*

கருவியே இல்லாமல் இல்லை. இஸ்ரோ ஒரு கருவி செய்தது. ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தவேண்டும். செய்தி சாட்டிலைட் வழியாகக் கடலோரக் காவல் படைக்குப் போகும். 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. இருபதாயிரத்துக்கும் மேல் புழக்கத்தில் இருப்பதாக இஸ்ரோவே சொன்னது. சபாஷ்.

ஆனால் ஒரு விஷயம். அழுத்தியவனுக்குப் பதில் வராது. செய்தி போனதா, யாராவது பார்த்தார்களா, கிளம்பி வருகிறார்களா, எதுவும் தெரியாது. மூழ்குகிற படகில் நின்றுகொண்டு ஒருவன் பொத்தானை அழுத்துகிறான். மறுபக்கம் மௌனம். 'செய்தி கிடைத்தது' என்று திரும்பச் சொல்கிற இரண்டாம் தலைமுறைக் கருவியை இஸ்ரோ அறிமுகப்படுத்தியது எப்போது தெரியுமா? 2024 ஜனவரியில். பதினான்கு வருஷம்!

நீங்கள் நூறு ரூபாய் யாருக்காவது செல்போனில் அனுப்பினால் மறு நொடி 'போய்ச் சேர்ந்தது' என்று மெஸேஜ் வருகிறது. உயிரைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டவனுக்கு அந்த ஒரு வரி கிடைக்கப் பதினான்கு வருஷம்.

ஒக்கிக்குப் பிறகு 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்று ஒரு பெட்டியை அறிமுகப்படுத்தினார்கள். சாட்டிலைட்டிலிருந்து வானிலைச் செய்தியை வாங்கி மீனவரின் செல்போனுக்குக் கொடுக்கும். இது நேர் எதிர். கேட்கலாம், பேச முடியாது. முதல் கருவி வாய் மட்டும். இரண்டாவது காது மட்டும். வாயும் காதும் சேர்ந்தால்தானே பேச்சு?

இரண்டும் சேர்ந்த கருவியும் வந்தது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர். ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்துவோம் என்று 2024 ஆகஸ்ட் 30-ம் தேதி மகாராஷ்டிராவின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்தார். திட்ட மதிப்பு 364 கோடி ரூபாய்.

நான் பி.காம். படித்தவன். அலைநீளத்தைப் பற்றி என்னிடம் கேட்டால் அடுத்தவரைக் கேட்டுத்தான் சொல்வேன். பற்று-வரவு பார்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. 364 கோடியை ஒரு லட்சத்தால் வகுத்தால் படகுக்கு 36,400 ரூபாய். ஒரு படகில் ஐந்து பேர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஏழாயிரத்துச் சொச்சம். இந்தப் பணம் இல்லாமலா 2017-ல் அத்தனை பேரை விட்டுவிட்டோம்?

அதே 2024, அக்டோபர் 15. தெலங்கானா மாநிலம் விகாராபாத் பக்கம் தாமகுண்டம் காட்டில், நீர்மூழ்கிகளோடு பேசுவதற்கான இரண்டாவது நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார் ராஜ்நாத் சிங். சுமார் 2,900 ஏக்கர், சுமார் 3,200 கோடி ரூபாய் என்று செய்திகள் வந்தன. காட்டை அழிக்காதே என்று அந்த ஊர்க்காரர்கள் போராடியது தனிக் கதை. ஒன்றரை மாத இடைவெளியில் இரண்டு விழா. நீர்மூழ்கியோடு பேச 3,200 கோடி. ஒரு லட்சம் படகுகளோடு பேச 364 கோடி. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு.

'தேசப் பாதுகாப்பை மீன்பிடியோடு ஒப்பிடலாமா?' என்று கோபப்படுவார்கள். ஒப்பிடுவேன். பாதுகாப்பு என்பது கோட்டுக்கு மட்டும்தானா, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஆளுக்கு இல்லையா? 3,200 கோடியைக் குறைக்கச் சொல்லவில்லை. 1990-ல் நீர்மூழ்கிக்குக் கிடைத்தது படகுக்குக் கிடைக்க ஏன் 2024 ஆனது என்று கேட்கிறேன். முப்பத்து நான்கு வருஷக் கணக்கு இது.

*

கடலுக்கு அடியிலிருந்து வானத்துக்குச் செய்தி அனுப்புகிற வேலை நம்மிடம் ஒரு விதத்தில் ஏற்கெனவே நடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைத்தார்கள். அதற்காகச் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் நடுக்கடலில் மிதவைகள் போட்டது. கடல் தரையில் கிடக்கும் கருவி, மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை அளந்து ஒலியாக மிதவைக்கு அனுப்பும். மிதவை சாட்டிலைட்டுக்குச் சொல்லும். சாட்டிலைட் ஹைதராபாத்துக்குச் சொல்லும். அழகான ஏற்பாடு.

பிரச்னை என்னவென்றால், மிதவைகள் அடிக்கடி சேதமாகின. படகுகளைக் கட்டுகிறார்கள், பாகங்களைக் கழற்றுகிறார்கள் என்று மீனவர்கள்மேல் பழி வந்தது. மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடுகிற இடத்துக்கு மீனவன் வருவான். இது அவன் தொழில். கழற்றியது தப்புதான், நியாயப்படுத்தவில்லை. ஆனால் 'இந்த மிதவை உன் பிள்ளையைக் காப்பாற்றப் போட்டது' என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிற வேலை, மிதவை போடுவதற்கு முன்னால் நடந்திருக்கவேண்டும். சேதம் ஆன பிறகுதான் விழிப்புணர்வுக் கூட்டம் தீவிரமானது.

மிதவையே வேண்டாம், ட்ரோன் போய் வெளிச்சத்தில் செய்தி வாங்கி வரட்டும் என்று நாளை யாராவது திட்டம் தீட்டலாம். சுனாமிக்கு அது உதவாது. மூவாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து எந்த வெளிச்சமும் மேலே வராது. புயல் காற்றில் ட்ரோன் நிற்காது. சுனாமி, ட்ரோனுக்குச் சார்ஜ் ஏறும்வரை காத்திருக்கவும் செய்யாது. கருவியைக் காட்டி மனிதனைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்தால் இப்படித்தான் முட்டுவோம்.

*

சரி, வெளிச்சம் எதற்குத்தான் உதவும்? சில பத்து மீட்டர்தான் எட்டும் என்று சொன்னேன் இல்லையா? அந்த ஆழத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

தூத்துக்குடியில் இருக்கிறார்கள். சங்கு குளி தொழிலாளர்கள். படகில் கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து ஒரு டியூப். அதை வாயில் கவ்விக்கொண்டு மன்னார் வளைகுடாவில் இறங்குகிறார்கள். கீழே இருப்பவனுக்கும் மேலே இருப்பவனுக்கும் தொடர்பு ஒரு கயிறு. இழுத்தால் செய்தி. கம்ப்ரஸர் நின்றாலோ, டியூப் மடங்கினாலோ, கீழே ஆளுக்கு மயக்கம் வந்தாலோ அந்தக் கயிறுதான் சொல்லவேண்டும். மயங்கியவன் எப்படிச் சார் கயிற்றை இழுப்பான்?

இடுப்பில் ஒரு பச்சை விளக்கு. படகின் அடியில் ஒரு சென்சார். நாடித்துடிப்பு குறைந்தால் மேலே மணி அடிக்கும். இதற்கு ட்ரோன்கூட வேண்டாம், ஆழமும் அதிகம் இல்லை. வெளிச்சத் தொழில்நுட்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஓர் ஆள் இருக்கிறான். ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் முதல் பக்கத்தில் வழக்கமாகப் போடுகிற பயன் பட்டியலைப் பாருங்கள். நீர்மூழ்கி இருக்கும், எண்ணெய்க் குழாய் இருக்கும், கடலடி ரோபோ இருக்கும். டியூபைக் கவ்விக்கொண்டு இறங்குகிறவனுக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. அவன் எந்த டெண்டரும் விடுவதில்லை, பாருங்கள்.

*

'சேலத்துக்காரனுக்கு எதற்கு இந்தக் கடல் கவலை?' என்று கேட்கலாம். நான் சூரமங்கலத்துக்காரன். எங்கள் ஊரில் பெரிய தண்ணீர் என்றால் மேட்டூர்தான். ஆனால், ஞாயிற்றுக்கிழமை காலை சூரமங்கலம் மீன் மார்க்கெட்டுக்கு வந்து பாருங்கள். வஞ்சிரமும் சங்கராவும் நெத்திலியும் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கியிருக்கும். எந்தத் துறைமுகத்தில் என்ன விலை என்பது விடிவதற்குள் வியாபாரிக்குத் தெரிந்திருக்கும். மீன் கரைக்கு வந்த நிமிடத்திலிருந்து அதைப் பற்றிய தகவல் ஒரு இடத்திலும் அறுவதில்லை. அதைப் பிடிக்கப் போனவனைப் பற்றிய தகவல்தான் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் அறுந்துவிடுகிறது.

பக்கத்தில் நாமக்கல். அஸ்ஸாமுக்குப் போன லாரி எந்த தாபாவில் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று முதலாளி வீட்டுத் திண்ணையிலிருந்தே செல்போனில் பார்க்கிறார். டீசல் குறைந்தால்கூடத் தெரிகிறது. லாரிக்கு அந்தக் கருவி எப்படி வந்தது? சரக்குக்கு மதிப்பு இருந்தது, காசு கொடுக்க ஆள் இருந்தார். கடலில் இருப்பவனுக்கு ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சேலமும் ஒன்று. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்தார்கள். ட்ரோன், சென்சார், லேசர் என்று எங்கள் பிள்ளைகளும் செய்யத்தான் போகிறார்கள். செய்யட்டும், சம்பாதிக்கட்டும். ஆனால் பொதுப் பணத்தில் செய்கிற கடல் கருவி எதுவாக இருந்தாலும் மூன்று நிபந்தனை போடச் சொல்லுங்கள்.

ஒன்று, திட்ட அறிக்கையிலேயே மீனவனுக்கும் கடலில் இறங்கித் தொழில் செய்கிறவனுக்கும் இதனால் என்ன பயன் என்று ஒரு பக்கம் இருக்கவேண்டும். பயன் இல்லை என்றால் இல்லை என்றே எழுதட்டும். எழுதும்போதாவது உறுத்தும்.

இரண்டு, ஒருவழிப் பேச்சு கூடாது. கடலில் இருப்பவன் கூப்பிட்டால் பதில் போகவேண்டும். பதில் சொல்லாத கருவியை உயிர்காக்கும் கருவி என்று விளம்பரப்படுத்தக் கூடாது.

மூன்று, அந்த ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர் விஷயம். எந்த மாவட்டத்தில் எத்தனை பொருத்தினார்கள், அதில் எத்தனை இன்று வேலை செய்கிறது, ஆபத்துச் செய்தி வந்து எத்தனை நிமிடத்தில் பதில் போனது... மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிடவேண்டும். தொடக்க விழாவுக்கு முழுப்பக்க விளம்பரம் கொடுக்க முடிகிறவர்களால் இதற்குக் கால் பக்கம் கொடுக்க முடியாதா?

இதையெல்லாம் கன்னியாகுமரி எம்.பி. மட்டும்தான் கேட்கவேண்டும் என்று சட்டம் இல்லை. மீன் சாப்பிடுகிற ஊர் எம்.பி.யும் கேட்கலாம். சேலத்துக்காரர்கள் நம்ம எம்.பி.யைக் கேட்கச் சொல்வோம். நாமக்கல், ஈரோடு, தருமபுரிக்காரர்களும் அவரவர் எம்.பி.க்கு ஒரு கார்டு போடுங்கள். அடுத்த புயலுக்கு நாள் குறிக்கவில்லையே தவிர, அது வரத்தான் போகிறது.